வண்டி வேணாம்மா

டீச்சர், நீங்கள் கொண்டுவரும் படச்சீட்டுகளில் அந்த ஆட்டை மட்டும் மாற்றிவிடுங்கள். தலை வெள்ளாட்டுத் தலை, வால் செம்மறி வால். அதைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டால், பேச்சு நன்றாக இருக்கிற ஆட்டு வியாபாரியே இரண்டு தடவை யோசிப்பான். சோலைமுத்து மீசை முளைத்த காலத்திலிருந்து சந்தையில் ஆடு பிடித்தவர். அந்தச் சீட்டுக்கு அவர் வாயைத் திறக்காததற்குப் பக்கவாதம் மட்டும் காரணமாக இருக்காது.

உட்காருங்கள். பிளாஸ்க்கில் டீ இருக்கிறது. அவர் சம்சாரம் மகேஸ்வரி, திண்டுக்கல்லில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாள், வர நேரமாகும். போன தடவை நீங்கள் என்னை ஒரு கேள்வி கேட்டீர்கள். மகேஸ்வரி பக்கத்தில் நின்றதால் சிரித்து மழுப்பிவிட்டேன். அதற்குப் பதில் சொல்லத்தான் இன்றைக்கு முன்னாலேயே வந்தேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க நீங்கள் வருகிற வரைக்கும் அவருக்கு வந்தது ஒரே ஒரு பேச்சு. 'வண்டி வேணாம்மா.' தாகம் எடுத்தாலும் அதுதான், முதுகு அரித்தாலும் அதுதான். ஆம்புலன்ஸ் என்றால் மனுஷனுக்குப் பயம், அதைத்தான் சொல்கிறார் என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். நீங்கள் மட்டும்தான் கேட்டீர்கள். "பொண்டாட்டிய மகேசுங்கிறாரு, மகள பாப்பாங்கிறாரு. அப்ப இந்த 'அம்மா' யாருங்கய்யா? நீங்க வந்தா மட்டும் எதுக்கு அதச் சத்தமாச் சொல்றாரு?"

அந்த அம்மா யாரென்று எனக்கும் தெரியாது. போனில் பேசிய ஒரு பெண். பேச்சும் அவருடையது இல்லை டீச்சர், என்னுடையது.

கட்டிலில் கிடந்தபடி கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார், பாருங்கள். கண்ணை என்மேலிருந்து எடுக்க மாட்டார். பரவாயில்லை. அவருக்குத் தெரியாத எதையும் நான் சொல்லப்போவதில்லை.

நான் அவருடைய அக்கா புருஷன். தொழில், ஆட்டுத் தரகு. தரகன் ஆட்டை விற்கிறான் என்று வெளியே நினைப்பார்கள். அப்படி இல்லை. விற்கிறவனுக்கு விலை இறங்கிவிடுமோ என்று பயம், வாங்குகிறவனுக்கு ஏமாந்துவிடுவோமோ என்று பயம். இரண்டு பேர் பயத்தையும் நான் வாங்கிக்கொண்டு, இரண்டு பேருக்கும் தைரியத்தைக் கொடுத்து அனுப்புவேன். அவ்வளவுதான் என் பிழைப்பு. வாங்கின பயமெல்லாம் எங்கே போகிறது என்று யாரும் என்னைக் கேட்டதில்லை.

அப்போது என் மகன் விக்னேஷ்குமாருக்கும் இவர் மகள் ஜீவிதாவுக்கும் நிச்சயமாகி, பத்திரிகையும் கொடுத்தாகிவிட்டது. இவர் விழுந்த அன்றைக்குக் காலையில் சந்தைக்கு வந்த திருப்பூர் ஆள் ஒருவன் சோலைமுத்து காதில் ஒரு சேதியைப் போட்டுவிட்டான். விக்னேஷ் அங்கே வேலை பார்த்தபோது ஒரு பெண்ணோடு குடும்பம் நடத்தினான், அடித்து அவள் கையை ஒடித்தான், அவள் கட்டின துணியோடு ஓடிப்போனாள். சேதி உண்மைதான். எனக்கு முன்பே தெரியும். பையன் கொஞ்சம் கோபக்காரன். சொந்தத்தில் ஒரு பெண் வந்தால் அடங்கிவிடுவான் என்று இருந்தேன்.

சோலைமுத்து சந்தையில் கத்தவில்லை. மரியாதையான மனுஷன். அகரத்துக்கு, இந்த வீட்டுக்கு, இதே அறைக்குக் கூட்டிவந்தார். அடுப்படியில் மகேஸ்வரி வெஞ்சனத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் ஜீவிதா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"மச்சான், நீங்களே வீட்ல சொல்லிருங்க. பொழுது சாயறதுக்குள்ள சொல்லலேன்னா நான் சொல்லிருவேன். எம் புள்ளைய அடிமாட்டுக்கு வளக்கல" என்றார், மெல்ல.

சந்தையில் நாங்கள் விலையை வாயால் பேசுவதில்லை. கைமேல் துண்டைப் போட்டு, அதற்குள் விரலைப் பிடித்துப் பேசுவோம். பக்கத்தில் ஒட்டி நிற்கிறவனுக்குக்கூட என்ன முடிந்தது என்று தெரியாது. பெண்கள் காதில் விழக் கூடாது என்று அன்றைக்கும் துண்டைப் போட்டேன். மூன்று விரலைப் பிடித்தேன். மூன்று நாள் பொறு என்று அர்த்தம். உதறினார். இரண்டைப் பிடித்தேன். அவர் என் ஒரு விரலை மட்டும் பிடித்து நெரித்தார். இன்றைக்கே என்று. விரல் கழன்றுவிடும் போல வலித்தது. பிறகு வலி குறைந்தது. ஆள் இறங்கி வருகிறார் என்று நினைத்தேன். அடுத்த மூச்சில் அந்தக் கை ஈரத்துணி மாதிரி என் கையில் கிடந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். வாய் வலப்பக்கமாகத் தொங்கியிருந்தது. ஏதோ சொல்ல வந்து, வராமல், என்னைப் பார்த்தார். கோபம் எல்லாம் போய்விட்டது டீச்சர். 'மச்சான், எனக்கு என்னமோ ஆகுது, பாருங்க' என்கிற பார்வை. மாடு கிணற்றுக்குள் விழுந்த பிறகு மேலே பார்க்குமே, அது.

என்ன ஆகிறது என்று எனக்குத் தெரியும். என் சம்சாரம் பெருமாயிக்கு, அவருடைய கூடப்பிறந்தவளுக்கு, இதுவே வந்து நான்தான் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நாலரை மணி நேரத்துக்குள் வந்ததால்தான் ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசி போட முடிந்தது என்று டாக்டர் என் தோளைத் தட்டினார். இன்றைக்கு அவள் நடக்கிறாள், கடைக்குப் போகிறாள், என்னைத் திட்டுகிறாள். அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் யாருக்குத் தலை சுற்றினாலும் முதல் போன் எனக்குத்தான் வரும்.

கூப்பிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அப்போது ஒன்று தோன்றியது. துண்டுக்குள் நடந்தது இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவருக்குப் பேச்சு போய்விட்டது. துண்டை எடுக்காமல் செத்த நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மகேஸ்வரி கரண்டியோடு வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"என்னண்ணே, வாய் இப்படிப் போகுது? மதினிக்கு வந்த மாதிரியே இருக்கே."

"பதறாத. பெருமாயிக்கு எந்தப் பக்கம் கோணுச்சு? எடது பக்கம், நெஞ்சு இருக்க பக்கம். அதான் ஆபத்து. மாப்ளைக்கு வலது பக்கம்ல? வெறும் வயித்தோட வெயில்ல நின்னாரு, சுகர் எறங்கிருச்சு. சீனித் தண்ணி கரை."

"சுகர் எறங்குனா வாய் கோணுமாண்ணே?"

"பூ மார்க்கெட்டு அந்தோணிமுத்துக்குக் கோணலையா? மூஞ்சி முருங்கக்கா மாதிரி வளஞ்சு கெடந்துச்சு. ரெண்டு கடலமுட்டாய் தின்னான், நேராயிட்டான். அதுக்கு முன்னாடி இருந்ததவிட இப்பத்தான் லெச்சணமா இருக்கான்."

அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். அந்தோணிமுத்து என்று எனக்கு யாரையும் தெரியாது. ஒரு பெயர், ஒரு இடம், ஒரு தின்பண்டம். இந்த மூன்றும் சேர்ந்தால் எந்தப் பொய்யும் காலூன்றி நிற்கும். அவள் பயத்தை நான் வாங்கிக்கொண்டேன். சீனித் தண்ணீரையும் நானே புகட்டினேன். இந்த மாதிரி நேரத்தில் வாயில் ஒன்றும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும் என்று மதுரையில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். பாதி கடைவாயில் வழிந்தது, மீதிக்கு இருமினார்.

ஜீவிதா என்னிடம் கேட்கவில்லை. படித்த பிள்ளை. அவளே 108-க்குப் போட்டுவிட்டாள். கொஞ்ச நேரத்தில் வழி கேட்டுத் திரும்பக் கூப்பிட்டார்கள். பிள்ளை வழி சொல்லத் தடுமாறினாள். "குடு பாப்பா, நான் வழி சொல்றேன், நீ அப்பாவுக்குத் துணிமணி எடுத்து வையி" என்று வாங்கிக்கொண்டேன். இந்தக் கட்டில் தலைமாட்டில் நின்றுதான் சொன்னேன்.

"வண்டி வேணாம்மா. நாங்க கார்லயே கெளம்பிட்டோம்."

நல்ல பெண். "நிச்சயமா வேணாமாங்க சார்?" என்று திரும்பவும் கேட்டாள். திரும்பவும் சொன்னேன். கட்டிலில் கிடந்தவர் என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டார். ஜீவிதாவிடம், வண்டி வேடசந்தூர்ப் பக்கம் போயிருக்கிறதாம், வந்துவிடும் என்றேன்.

நீங்கள் கேட்ட அம்மா அவள்தான்.

சந்தையில் ஒரு பழக்கம் உண்டு. ஆட்டின் காதில் இருக்கிற சின்ன வெட்டை நாங்களே காட்டிக் கொஞ்சம் குறைத்துக் கொடுப்போம். வாங்குகிறவன் அந்தச் சந்தோஷத்தில் குளம்பைத் தூக்கிப் பார்க்க மாட்டான். இதுவரை நான் உங்களுக்குக் காட்டியது காது. குளம்பையும் காட்டிவிடுகிறேன்.

பக்கத்து வீட்டு சார்லஸ் யாரையும் கேட்கவில்லை. ஆம்னி வேனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். "மாமா, மொதல்ல தூக்குங்க, அப்பறம் பேசுவோம்" என்று அவனே தோளில் போட்டுக்கொண்டான். திண்டுக்கல் போய்ச் சேர்ந்தபோது நேரம் மிச்சம் இருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நன்றாகவே மிச்சம் இருந்தது. அவசரப் பிரிவுக்குள் ஒருவர்தான் கூட வரலாம் என்றார்கள். "நீங்க போங்கண்ணே, ஒங்களுக்குத்தான் வெவரம் தெரியும்" என்று மகேஸ்வரிதான் என்னை உள்ளே தள்ளினாள்.

சின்ன வயது டாக்டரம்மா. கண்ணில் டார்ச் அடித்துக்கொண்டே கேட்டாள். "கடைசியா எப்ப நல்லா இருந்தாரு?"

அந்தக் கேள்விக்குச் சொல்கிற பதிலை வைத்துத்தான் ஊசி. மதுரையில் அதற்கு உண்மையைச் சொல்லி ஒருத்தியை நடக்க வைத்தவன் நான். அதனால் எதைச் சொன்னால் எது நடக்காது என்பதும் எனக்குத் தெரியும்.

"ராத்திரி படுக்கும்போது நல்லாத்தாங்க இருந்தாரு. காலைல எந்திரிக்கையிலயே இப்படித்தான்."

"அம்புட்டு நேரமா வீட்ல வச்சுட்டு என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று திட்டினாள். தலை குனிந்து வாங்கிக்கொண்டேன். நேரம் தாண்டிப் போட்டால் மூளையில் ரத்தம் கசியுமாம். ஊசி போடவில்லை. அவள்மேல் தப்பு இல்லை. எனக்கு வந்த கோபம் எல்லாம், அவ்வளவு படித்த பெண் என் பேச்சை அப்படியே நம்பிவிட்டாளே என்பதுதான். ஸ்ட்ரெச்சரில் கிடந்தவர் இடது கையால் கம்பியைத் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார். "பயப்படுறாருங்க" என்றேன். அவர் கையைப் பிடித்து அமுக்கிக்கொண்டேன்.

ஆளை முடிக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கல்யாணம் வரைக்கும் வாய் மூடியிருந்தால் போதும், பிறகு பேச்சு வந்தால் வரட்டும் என்றுதான் இருந்தேன். கல்யாணத்துக்கு நாற்காலியோடு மேடைக்குத் தூக்கிவந்தோம். தாலி கட்டும்போது 'வண்டி வேணாம்மா, வண்டி வேணாம்மா' என்று அழுதார். "புள்ளைய வாழ்த்துறாரு" என்று மைக்கில் சொன்னேன். மண்டபமே கண்ணைத் துடைத்தது. அவர் என்ன சொல்கிறார் என்பது எனக்குத்தான் புரியும் என்று இன்றைக்கும் எல்லாரும் நம்புகிறார்கள். ஒரு விதத்தில் அது உண்மைதானே.

நீங்கள் வர ஆரம்பித்த பிறகுதான் என் நிம்மதி போயிற்று. மகேஸ்வரி என்கிற பெயர் வந்தது. தண்ணி வந்தது. போன வாரம் என் மகன் பெயரில் பாதி வந்தது. நீங்கள் கை தட்டினீர்கள். எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. இனிமேல் முன்னேற்றம் இருக்காது என்று நீங்கள் ஒரு வார்த்தை மகேஸ்வரியிடம் சொன்னால் போதும். எனக்காகக் கேட்கவில்லை டீச்சர். ஜீவிதா இப்போது முழுகாமல் இருக்கிறாள். இது வெளியே வந்தால் அந்தப் பிள்ளை எங்கே போகும்?

இருங்கள், மகேஸ்வரிதான் கூப்பிடுகிறாள்.

"சொல்லு மகேசு… வாந்தி நிக்கலையா? மசக்கைன்னா அப்படித்தான் இருக்கும்… அதான் சொன்னேன்ல, பாத்ரூம்ல வழுக்கி விழுந்ததுல தலையில லேசாப் பட்டிருக்கு… ஒளறுதா? தூங்காம கெடந்தா ஒளறத்தான் செய்யும்… இல்ல இல்ல, ஆம்புலன்ஸுக்கெல்லாம் போடாத. தெருவே கூடிரும். நான் வாரேன், வந்து பாத்துட்டுச் சொல்றேன். பயப்படாத தாயி."

ஒன்றுமில்லை. முந்தாநாள் பையனுக்கும் அவளுக்கும் வாய்த்தகராறு. சுவரில் தலை பட்டிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போனால் எப்படிப் பட்டது என்று கேட்பார்கள், போலீசுக்கு எழுதுவார்கள். வயிற்றுப் பிள்ளையோடு அவள் எதற்கு ஸ்டேஷன் படி ஏற வேண்டும்? அவள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள், கட்டிலிலிருந்து இறங்கப் பார்க்கிறார். விழுந்துவிடப் போகிறார். ஏன் போனை எடுக்கிறீர்கள்? மகேஸ்வரிக்குப் போன் போடுவதென்றால் போடுங்கள், நான் தடுக்கவில்லை. 'அண்ணன் வந்து பாக்கட்டும்' என்றுதான் அவள் சொல்லுவாள். அந்தத் தைரியம் நான் கொடுத்தது.

ஜீவிதாவை நான் மடியில் போட்டுக் காது குத்தியவன், டீச்சர். அவளுக்கு ஒன்று ஆக விட்டுவிடுவேனா? இதோ, செருப்பு மாட்டியாகிவிட்டது. இப்போது வருகிற பஸ் எப்போதும் கூட்டமாகத்தான் வரும். அடுத்ததில் உட்கார இடம் கிடைக்கும், அதில் போகிறேன்.