கச்சிராயபாளையம் சாலையில் நின்ற மரக்காப்பி

என் பெயர் காசிநாதன், தகப்பனார் பச்சமுத்து, வயது அறுபத்தாறு, தொழில் விவசாயம். கள்ளக்குறிச்சி வட்டம், கச்சிராயபாளையம் சாலையோரம் என் சொந்த நிலத்தில் வீடு. பள்ளிக்கூடம் போனதில்லை, எழுதப் படிக்க நானாகக் கற்றேன். 25.9.1987 காலை காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளர் கேட்டதற்கு நான் சொல்வதாவது.

1948-ல் நானும் என் மனைவி ஜெயம்மாளும் கல்வராயன் மலைமேல் ஒரு தோட்டத்தில் காப்பிப் பழம் பறிக்கும் கூலிகளாக இருந்தோம். அங்கே மரக்காப்பி இரண்டே இரண்டு நின்றன. மற்ற காப்பி ஆள் உயரம்தான் இருக்கும், இது பலாவைப்போல் வளரும், ஏணி வைத்துத்தான் பறிக்க வேண்டும். அந்தக் கொட்டை முதலாளியின் விருந்தாளிகளுக்கு மட்டும், எங்களுக்கு வாசனைதான். வேலையை விட்டு இறங்கியபோது ஜெயம்மாள் ஒரு கன்றை ஈரச்சாக்கில் சுற்றி, மலைமேலுள்ள வெள்ளிமலையிலிருந்து தலையில் வைத்து நடந்தே கொண்டுவந்து, வாய்க்கால் ஈரம் உள்ள இடம் பார்த்துச் சாலையோரம் நட்டாள். அது புறம்போக்கு என்பது எனக்குத் தெரியும். ஏழாம் வருடம் காய்த்தது. அவள் மண்சட்டியில் வறுத்தால் பஸ் டிரைவர் வேகத்தைக் குறைத்து, "இன்னாம்மா, வூட்ல விசேஷமா?" என்று கேட்பார். அவள் இறந்து நான்கு வருடம் ஆகிறது. நான் வறுத்தால் அந்த வாசனை முழுதாக வருவதில்லை.

இந்த மாதம் 18-ம் தேதி இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்தது. கோடரிச் சத்தம் கேட்டு நான் ஓடுவதற்குள் மரம் சாலையில் குறுக்கே கிடந்தது. வெட்டியவன், "காய்க்காத பலான்னு நெனச்சிதான் வெட்டினோம் பெரியப்பா" என்றான். காப்பி மரம் என்றேன். "காப்பி செடியாச்சே, இந்த ஒசரத்துக்கா? எங்க கிட்டயே கதை வுடறியே" என்று எல்லோரும் சிரித்தார்கள். பழுத்த பழம் ஒன்றைப் பறித்து அவன் கையில் கொடுத்தேன். வாயில் போட்டு, கொட்டையைத் துப்பிப் பார்த்தவன் கோடரியைக் கீழே வைத்துவிட்டான். அவன் பெயரைச் சொல்லமாட்டேன். அவர்கள் கேட்பது நியாயம், என் மரத்தை வெட்டியது அநியாயம். இரண்டையும் எழுதவும்.

மரம் முழங்கால் உயரத்தில் வெட்டுப்பட்டு, ஒரு பக்கப் பட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தது. காப்பியை அந்த உயரத்தில் சாய்வாக அறுத்து, சாணம் அப்பினால் மறுபடி துளிர்க்கும். நேற்று சாலையைத் திறக்கப் போலீஸார் டிராக்டரில் சங்கிலி கட்டி இழுக்க வந்தார்கள். இழுத்தால் வேரோடு வந்துவிடும் என்பதால் மரத்தின்மேல் படுத்துக்கொண்டு, "ரம்பம் போட்டு அறுங்க, இழுக்காதீங்க" என்றேன். தலைமைக் காவலர், "யோவ் பெரிசு, மறியலே முடிஞ்சிபோச்சி, நீ மட்டும் இன்னாத்துக்கு படுத்துக்கினு கீற?" என்று தூக்கி வேனில் ஏற்றினார். அதன்பிறகு அறுத்தார்களா, இழுத்தார்களா என்பதை இதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

காட்டு மரம், எனக்குச் சம்பந்தமில்லை என்று சொன்னால் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். சொல்லமாட்டேன். புறம்போக்கில் வைத்ததற்கு வழக்கு வந்தாலும் வரட்டும், நட்டவள் ஜெயம்மாள், தண்ணீர் ஊற்றியவன் நான். எழுதியதைப் படித்துக் காட்டியபோது 'காட்டு மரம் ஒன்று' என்றிருந்தது. 'மரக்காப்பி' என்று திருத்தச் சொன்னேன், திருத்தினார்கள். கைநாட்டு வைக்க மைப்பெட்டியைத் தள்ளினார்கள், எனக்குப் பேனா போதும் என்றேன். நடந்ததைத்தான் சொன்னேன், கூட்டவுமில்லை குறைக்கவுமில்லை. அடிமரம் மண்ணில் இருந்தால் இன்று பொழுது சாய்வதற்குள் வெட்டுவாயில் சாணம் அப்ப வேண்டும். அதற்கு என் வீட்டில் வேறு ஆள் இல்லை.

(ஒப்பம்) ப. காசிநாதன்