நவநீத் அண்ணனுக்குச் சேராத சாப்பாடு

சிரிக்க வைக்கேன்னு சொன்னேன்லா, வைக்கேன் அண்ணே. ஆனா இப்பமே இல்ல. குடல்வால் எடுத்த தையல் இன்னும் காயல்ல, திடீர்னு சிரிச்சியன்னா பிரிஞ்சுரும். பொறவு அதுக்கும் நான்தான் காரணம்பிய. பையச் சொல்லுதேன். நீங்க அந்தக் கஞ்சியக் குடிங்க.

தொட்டுக்க ஒண்ணும் தரல்லியா? எப்பிடித் தருவாவ, அலர்ஜி உள்ள ஆளுன்னு கையில செவப்புப் பட்டை கட்டியிருக்கே. மீன் சேராது, முட்டை சேராது, பால் சேராது, கோதுமை சேராது, பருப்பு சேராது, தேங்கா சேராது. தேங்காயும் ஆகாதுன்னா திருவனந்தபுரத்துல ஒரு மனுஷன் வேற என்னத்தத் திங்க? கிச்சன்ல உள்ள லிங்கம் மாமா தலையில கைய வச்சு உக்காந்துட்டாராம். இந்த பேஷன்டுக்குக் கஞ்சி கொடுக்கலாம், அது பத்தல்லன்னா இன்னொரு கஞ்சி கொடுக்கலாம்னாராம்.

சிரிக்காதிய, நான் சொன்ன சிரிப்பு இது இல்ல. அது பொறவு வரும்.

நானா? எதிர் வார்டு. எனக்க அம்மைக்குத் தொணைக்கு இருக்கேன், பைஸ்டாண்டர். பாறசாலைப் பக்கம் வீடு. நீங்க ஆரியசாலைக்காரருன்னு சொன்னாவ, அதாக்கும் தமிழ்ல பேசுதேன். படிக்கது பிளஸ் டூ. ஸ்கூல் கலைவிழா கலோத்சவத்துல மிமிக்ரி, ஏ கிரேடு. ஒரு ஆளு ரெண்டு வரி பேசிக் கேட்டா போதும், எனக்கத் தொண்டையில ஏறிரும். இந்த வார்டு நேசமணி சிஸ்டர் சத்தம் வேணுமா? பைஸ்டாண்டர் எல்லாம் வெளிய போங்க, இது ஆஸ்பத்திரியா தம்பானூர் பஸ் ஸ்டாண்டா. பாத்தியளா, கடைசிக் கட்டில்ல உக்காந்திருந்த ஆளு பழக்கூடையோட எந்திரிச்சே போயிட்டாரு.

உங்க வீட்டுல பிந்து அக்காவும் எனக்கு வரும். பிரசவத்துக்கு அவிய அம்ம வீட்டுக்குப் போயிருக்காவல்லா. நீங்க ஸ்பீக்கர்ல போட்டுத்தானே பேசுதிய, வராண்டா கடைசி வரைக்கும் கேக்கும். நவிச்சேட்டா, மருந்து குடிச்சோ... எப்பிடி? அந்த இழுப்பு இருக்கில்லா?

உங்களுக்கு ஆப்பரேஷன் முடிஞ்ச அன்னைக்கு அந்தப் பிந்து அக்காதான் வார்டுக்கு போன் செய்து ஒரே அழுகையாம். சிஸ்டரே, அவருக்கு மீன் ஆகாது, பால் ஆகாது, தேங்கா தொட்டாலே தடிக்கும். கேட்டா ஒண்ணுமில்லன்னு சாதிப்பாரு, நாக்குக்கு அடிமை, நம்பிராதீங்க. நேசமணி சிஸ்டர் பாவம், சொன்னது முழுக்கக் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டாவ. நீங்க இல்ல, இல்லன்னு கத்தக் கத்த, ஆமா, வீட்டுல சொன்னாவன்னு தலையாட்டிட்டுப் போறாவ. ஒருதடவ ஏறிட்டா அலர்ஜி டாக்டர் பாத்துத்தான் எடுக்கணுமாம். அவரு லீவு. அசல் பிந்து அக்கா கூப்பிட்டு, நான் அப்பிடிச் சொல்லவே இல்லன்னாவளாம். புருஷன் பட்டினின்னதும் மனசு எளகிட்டு இல்லியாம்மான்னு சொல்லி சிஸ்டர் போன வச்சுட்டாவ.

அசல்னா என்னன்னா கேக்கிய? வாரேன், அதுக்குத்தான் வாரேன். அதுக்கு முந்தி நான் ஒண்ணு கேக்கட்டா. நேத்து டாக்டர் சபீனான்னு ஒரு மேடம் போன் பண்ணினாவளாமே, இந்த ஆஸ்பத்திரி குவாலிட்டி ஆபீஸ்லருந்து? இதையெல்லாம் பட்டியல்லருந்து எடுத்துத் தாறோம்னாவளா? நல்ல காரியம். என்ன சொன்னிய அவியட்ட? எவனும் எங்கிட்ட வந்து கேக்கல்லன்னா? செரிதானே. கேக்காமதான் எல்லாரும் போடுதோம், நானே கவுண்டர்ல அப்பிடித்தான் தட்டுவேன், இந்த அலர்ஜிப் பக்கத்த நம்பி மனுஷனப் பட்டினி போடலாமான்னா? அடேயப்பா, நல்லா வெட்டவெளிச்சமா சொல்லியிருக்கிய. பேசுதத பதிவு பண்ணுதேன்னு மேடம் சொன்னாவளா? அதுக்கும் சம்மதிச்சிட்டியளா. பசின்னா அப்பிடித்தான்.

நீங்கதானே அண்ணே இஞ்ச ரிஜிஸ்டிரேஷன் கவுண்டர் இன்சார்ஜ். அலர்ஜி உண்டான்னு உள்ள எடத்துல ஏதாவது போடல்லன்னா அடுத்த பக்கம் தொறக்காதாம். அதனால ஆளு வந்து உக்காருததுக்கு முந்தியே ஒண்ணுமில்லன்னு ஒரு தட்டு. புதுசா வந்த ரெஷ்மா அக்காவுக்கும் அப்பிடித்தான் படிச்சுக் கொடுத்தியளாமே. கேட்டா கதை தொடங்கிருவாவ, க்யூ வாசல் வரைக்கும் போகும்னு. நீங்க தட்டினதும் கம்ப்யூட்டர் தானா ஒரு வரி எழுதுது. நோயாளியிடம் கேட்கப்பட்டது, ஒவ்வாமை எதுவும் இல்லை என்று கூறினார். ஒருத்தரும் கேக்கல்ல, ஒருத்தரும் சொல்லல்ல. எழுத்து மட்டும் இருக்கு.

எனக்க அம்ம சொன்னா.

ஆணி குத்தின காலோட வந்திருந்தா. பென்சிலின் ஊசி எனக்குச் சேராது சாரேன்னா. நான் ஸ்கூல் யூனிபார்மோட பக்கத்துலதான் நிக்கேன். உங்க கண்ணு ஸ்கிரீன விட்டு எழும்பல்ல, அதாக்கும் என் மொகம் உங்களுக்கு ஓர்மையில்ல. உங்க சத்தத்துலயே சொல்லட்டா? அதெல்லாம் உள்ள டாக்டர்ட்ட சொல்லும்மா, அடுத்த ஆளு வாங்க. டாக்டரு ஸ்கிரீனப் பாத்தாரு, ஊசி எழுதினாரு. வெளிய சொல்லியாச்சே, ஏத்தியிருப்பாவன்னு அம்ம நம்பிட்டா. எந்த ஊசின்னு அவளுக்கு என்ன தெரியும்.

ஊசி போட்ட ரூமத் தாண்டல்ல. மொகம் வீங்கி, தொண்ட அடச்சு, குழாய் எறக்கினாவ. பொழச்சா. சத்தம் போச்சு. சர்ச்சுல பாட்டுன்னா மொத வரிசையில நிக்கவ, இப்ப வாயத் தொறந்தா காத்து வருது. அவளுக்க பழைய சத்தம் இப்ப எனக்க தொண்டையில மட்டுந்தான் கெடக்கு. எல்லாரையும் செய்து காட்டுவேன், அத மட்டும் செய்யதில்ல. அவ கேட்டுருவா.

விசாரணையில நீங்க என்ன சொன்னிய? நான் கேட்டேன், அவங்க இல்லன்னாங்க, எழுத்து இருக்கே. இப்ப ஊரு முழுக்க எனக்க அம்ம ராகேலு சொல்ல மறந்துட்டு ஆஸ்பத்திரிமேல பழி போடுதான்னு பேச்சு. அது கூடப் போகட்டும். விசாரணை முடியாம பதிவுல கை வைக்கக் கூடாதாம். இன்னைக்கும் அவ பேர அடிச்சா ஒண்ணுமில்லன்னுதான் காட்டுது. அவளுக்குச் சேராத ஒண்ண ஏத்த மாட்டேங்காவ, உங்களுக்குச் சேருதத எடுக்க மாட்டேங்காவ, எப்பிடி இருக்கு? ஒவ்வொரு ஷிப்டுக்கும் புது நர்ஸ் ஊசியோட வரும்போ நான் கைய நீட்டி மறிச்சுட்டு நிக்கேன். நான் கண்ணசந்தா அவளால வேண்டாம்னு கத்தக் கூட முடியாது.

மொறைக்காதிய. ஆமா, அழுத பிந்து அக்கா நான்தான். கெடந்து கஞ்சி குடிக்கட்டும்னு மனசறிஞ்சு செஞ்சேன். மருந்துப் பக்கம் ஒண்ணும் தொடல்ல, பாத்தியளா? மருந்துல விளையாடுதது எனக்குத் தெரியாது. அது உங்க கவுண்டர் வேல.

என்ன, கம்ப்ளெயின்டா? போலீஸ் வரைக்கும் போவியளா? போங்க. மொதல்ல யார்ட்ட? அந்தக் குவாலிட்டி மேடத்துட்டயா? அதுவும் நல்லதுதான், நேத்து கூப்பிட்ட நம்பர சேவ் செய்து வச்சிருப்பியல்லா. ராகேலுக்க மவ ரெனி வந்து எல்லாத்தையும் தானா ஒத்துக்கிட்டான்னு சொல்லுங்க. நாளைக்கு விசாரணைக்கு அவளுக்க அப்பன் சுவாமிதாஸ் வருவாரு, அவரையும் பிடிச்சுக் கேளுங்கன்னு சொல்லுங்க. நான் எங்கயும் ஓடல்ல, இஞ்சதான் நிக்கேன். ஸ்பீக்கர்ல போடுங்க, மேடம் என்ன சொல்லுதாவன்னு நானும் கேக்கேன். ரிங் போகுதா?

ஒரு நிமிஷம் அண்ணே, எனக்கொரு போன் வருது. எடுத்துக்கிடட்டா.

ஹலோ, குவாலிட்டி ஆபீஸ், டாக்டர் சபீனா பேசுறேன். சொல்லுங்க மிஸ்டர் நவநீத். நேத்து நீங்க பேசினது முழுக்கத் தெளிவா பதிவாயிருக்கு, நாளைக்குக் கமிட்டிக்கு முன்னால அதத்தான் போட்டுக் கேக்கப் போறோம். நீங்களா வேற ஏதாவது சேக்கணுமா?