நிழலை அழிப்பதா, விடுவதா?

மார்ட்டின்: இதுவும் அதே படந்தானே, ஜெகா?

ஜெகதீஸ்வரன்: நல்லாப் பாருப்பா. இதுல நெழல் இல்லை.

மார்ட்டின்: அப்ப முன்னாடி காட்டினது?

ஜெகதீஸ்வரன்: அதுல நெழல் இருக்குது. அதுக்கும் முந்தினது கறுப்பு வெள்ளை. அதுல நெழல் பாதிதான் இருக்குது, மீதியை ஓரத்துல வெட்டியிருக்கறேன்.

மார்ட்டின்: சேலத்துல இருந்து நான் பஸ் ஏறி வந்தது உன் கம்ப்யூட்டர்ல வேடிக்கை பார்க்கறதுக்கு இல்ல. ஞாயித்துக்கிழமை எங்க போட்டோக் குழுவோட கண்காட்சி. எல்லார் படமும் சட்டம் போட்டு வந்துடுச்சு. உன்னோடது ஒண்ணுதான் பாக்கி. பிரிண்ட் போடறவரு எனக்காகக் கடையைத் திறந்து வெச்சிட்டு...

ஜெகதீஸ்வரன்: சித்த இருப்பா. இந்த மஞ்சளைக் கொஞ்சம் கொறைச்சா...

மார்ட்டின்: கொறைச்சா?

ஜெகதீஸ்வரன்: ...இல்ல. முன்னாடி இருந்ததே தேவலை.

சத்யபிரியா: வாங்கண்ணா. எப்ப வந்தீங்க? நான் இப்பத்தான் பள்ளிக்கூடம் உட்டு வாரேன். காப்பி குடிச்சீங்களா?

மார்ட்டின்: உன் வீட்டுக்காரர் தண்ணிகூடக் குடுக்கலை தங்கச்சி. படம் படமாக் காட்டிக்கிட்டே இருக்கார்.

சத்யபிரியா: ஏனுங்க, இன்னுமா முடியலை?

ஜெகதீஸ்வரன்: நீயே சொல்லு சத்யா. நெழல் இருக்கட்டுமா, எடுத்துறட்டுமா?

சத்யபிரியா: உங்க இஷ்டமுங்க.

ஜெகதீஸ்வரன்: பார்த்தியா? எப்பக் கேட்டாலும் இதே பதில்.

மார்ட்டின்: அவளை ஏன் இழுக்கறே? ஒரு லாரி கோழிக்குஞ்சை எறக்கறதுக்கு ஒத்தப் போன்ல முடிவு பண்ற ஆளு நீ. பண்ணையில அத்தனை தைரியம், இங்க வந்து உக்காந்தா...

ஜெகதீஸ்வரன்: குஞ்சு வேற, படம் வேறப்பா.

மார்ட்டின்: சரி, நான் ஒரு கதை சொல்றேன். ஒரு கோழிக்கு ரெண்டு முட்டை இருந்துச்சு. ரெண்டும் தள்ளித் தள்ளிக் கெடந்துச்சு. எதை அடைகாக்கறதுன்னு அதுக்குத் தெரியலை. ஒண்ணு மேல உக்காந்தா இன்னொண்ணு கோவிச்சுக்குமேன்னு ரெண்டுக்கும் நடுவுல போயி உக்காந்துச்சு. வெறும் தரை நல்லாச் சூடாச்சு. முட்டை ரெண்டும் கூமுட்டை ஆச்சு.

ஜெகதீஸ்வரன்: என்ற பண்ணையில எந்தக் கோழியும் அடைகாக்கறதில்லைப்பா. கூண்டுல இட்டவொடனே முட்டை உருண்டு வெளிய வந்துரும்.

மார்ட்டின்: உன் முட்டைதான் வெளிய வர மாட்டேங்குதே!

சத்யபிரியா: இது நல்லா இருக்குதுங்கண்ணா.

ஜெகதீஸ்வரன்: சிரி புள்ள, சிரி.

மார்ட்டின்: இதுல யோசிக்க என்ன இருக்குது, ஜெகா? ஆடிப்பெருக்கன்னிக்கு மோகனூர் ஆத்தங்கரை. கவுத்துப் போட்ட பரிசல். அது மேல ஒரு நாயி சொகமாத் தூங்குது. மணல்ல, படத்துல இல்லாத ஒரு ஆளோட நெழல் நீளமா வந்து நாயி மூக்கைத் தொடுது. எங்க குழுவுல அத்தனை பேரும் நின்னு பார்த்தது அந்த நெழலைத்தான். அதை எடுத்துட்டா வெறும் நாயி, வெறும் பரிசல்.

ஜெகதீஸ்வரன்: ...உறுத்துது.

மார்ட்டின்: எது உறுத்துது?

ஜெகதீஸ்வரன்: நெழல்தான்.

மார்ட்டின்: ரெண்டு கையையும் தூக்கித் தலையில துண்டு கட்டறான் அந்த ஆளு. மணல்ல பார்த்தா கொம்பு மொளைச்ச மாதிரி இருக்குது. அழகுய்யா அது! யாரு அது?

ஜெகதீஸ்வரன்: ஆரோ. ஆடிப்பெருக்குக்கு ஊரே வருமில்ல.

சத்யபிரியா: அத்தனை வெள்ளெனவே ஊரு எங்கீங்க வந்துச்சு? நாம ரெண்டு பேரும் அந்த நாயுந்தான் இருந்தோம்.

ஜெகதீஸ்வரன்: ...பரிசல்காரரு இருந்தாரே.

சத்யபிரியா: அவரு அக்கரையில இருந்தாருங்க.

மார்ட்டின்: யாராவது இருந்துட்டுப் போகட்டும். ஜெகா, மனசுல பட்டதைச் சொல்றேன், கோவிச்சுக்காதே. எத்தனை வருசமா நீயும் படம் அனுப்பறே... ஒண்ணுகூடச் சுவருல ஏறலை. மொதமொதலா இது ஏறப் போகுது. நீ இழுத்துக்கிட்டே போனா அந்த எடத்துல வேற ஆளோட படத்தை மாட்டிடுவாங்க.

ஜெகதீஸ்வரன்: தெரியுது.

மார்ட்டின்: தெரிஞ்சா முடிவு பண்ணு.

ஜெகதீஸ்வரன்: அதுக்குத்தாம்ப்பா உக்காந்திருக்கறேன்.

சத்யபிரியா: நானும் ஒரு கதை சொல்லட்டுங்களா?

ஜெகதீஸ்வரன்: நீயுமா?

சத்யபிரியா: ஒண்ணாப்புப் புள்ளைகளுக்குச் சொல்றதுதானுங்க. ஒரு நரி ஆத்துக்குத் தண்ணி குடிக்கப் போச்சு. போற வழியெல்லாம் வாலால தடத்தை அழிச்சிக்கிட்டே போச்சு. ஆரும் தன்னைப் பார்த்துறக் கூடாதாம்.

மார்ட்டின்: கெட்டிக்கார நரி.

சத்யபிரியா: ஆமாங்க. வவுறு நெறையக் குடிச்சிட்டுத் திரும்பிப் பார்த்தா, மணல் அப்படியே துடைச்சு வெச்சாப்ல கெடந்துச்சு. எந்தப் பக்கமிருந்து வந்தோம்னு அதுக்கே தெரியலை.

மார்ட்டின்: அப்புறம்?

சத்யபிரியா: அவ்வளவுதானுங்கண்ணா. அதுக்குள்ள மணி அடிச்சிருவாங்க.

மார்ட்டின்: நல்ல பள்ளிக்கூடம்! ...ஏய் ஜெகா, எதை அழிக்கறே?

ஜெகதீஸ்வரன்: நான் திருத்தினது அத்தனையும். கறுப்பு வெள்ளை, வெட்டினது, மஞ்சள் கொறைச்சது, எல்லாம். ...இந்தா. கேமராவுல இருந்தது இருந்தபடி. நெழல் இருக்கட்டும்.

மார்ட்டின்: மாதாவே! காப்பாத்தினே. மறுபடி மாத்த மாட்டியே?

ஜெகதீஸ்வரன்: மாட்டேன்.

மார்ட்டின்: சரி, பேரு அட்டைக்குச் சொல்லு. ஜெகதீஸ்வரன், நாமக்கல். அவ்வளவு போதுமா, இனிஷியலும் வேணுமா?

ஜெகதீஸ்வரன்: சத்யபிரியான்னு போடு.

மார்ட்டின்: என்னது?

ஜெகதீஸ்வரன்: அது என்ற நெழலுப்பா. குளிச்சு ஏறித் துண்டு கட்டறேன். ரெண்டு கையிலயும் துண்டைப் புடிச்சிருக்கறவன் கேமராவை எதுல புடிப்பான்? அது இவ கையில இருந்துச்சு.

மார்ட்டின்: அப்ப... அனுப்பறப்பவே தெரியுமா?

ஜெகதீஸ்வரன்: சத்தியமாத் தெரியாது. அன்னிக்கு எடுத்தது எல்லாத்தையும் மொத்தமா அனுப்பினேன். நீ தேர்வாயிருச்சுன்னு போன் பண்ணினே பாரு, அப்பத்தான் சந்தோசத்துல பெருசு பண்ணிப் பார்த்தேன்.

மார்ட்டின்: அன்னிக்கே சொல்லியிருக்கலாமேய்யா.

ஜெகதீஸ்வரன்: சொல்லியிருக்கலாம். நெழலை எடுத்துட்டா ஆருக்கும் தெரியாதுன்னு தோணுச்சு. எடுத்தேன். பார்க்கப் புடிக்கலை. மறுபடி வெச்சேன். வெச்சா, உண்மையைச் சொல்லித்தான் ஆகோணும், சுவருல என்ற பேரு இல்லை. பொறவும் எடுத்தேன்... வண்ணம், வெட்டுன்னு உங்கிட்டச் சொன்னதெல்லாம் சும்மா.

மார்ட்டின்: ...தங்கச்சி, உனக்குத் தெரியாதா? நீ எடுத்த படத்தை நீயே உங்க இஷ்டம், உங்க இஷ்டம்னு சொல்லிக்கிட்டு இருந்தியே!

சத்யபிரியா: மொத நாளே தெரியுமுங்கண்ணா. நெழலை அழிச்சே அனுப்பியிருந்தாலும் நான் வாயைத் தொறந்திருக்க மாட்டேன்... அந்தக் கேமராவை மட்டும் அப்புறம் கையில தொட்டிருக்க மாட்டேனுங்க.