எங்களுக்குப் பின்னால் ஓடியவர்

மதிப்புக்குரிய தலைமை மருத்துவர் அம்மா அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் துறைத் தலைவர்களே, முன்வரிசையில் இருக்கும் எங்கள் அண்ணி அவர்களே, அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும் மகளே, பணிமுறை மாறும் நேரத்திலும் சீருடையோடு வந்து சுவரோரம் நிற்கும் செவிலியர்களே, சமையல்கூடத்திலிருந்தும் சலவைக்கூடத்திலிருந்தும் வந்திருக்கும் தோழர்களே! இந்த மருத்துவமனையின் மருந்தாளன் உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் அவரை முதுநிலை மின்தூக்கிப் பராமரிப்பாளர் என்றார்கள். பணிப் பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் நம்மில் யார் அவரை அப்படி அழைத்தோம்? நோயாளிகளுக்கு அவர் லிஃப்ட்காரர். காலையில் ஓடும் எங்கள் ஏழு பேருக்கு அவர் வாலண்ணன். பதினொரு குளிர்காலம், ஒரு நாள் தவறாமல், எங்களுக்குப் பின்னால் கடைசி ஆளாக ஓடியவர். வால் என்று பெயர் வைத்தவன் நான்தான். பதிலுக்கு அவர் எனக்கு வைத்த பெயர் முந்திரிக்கொட்டை. எங்கே கூட்டமாக ஓடினாலும் நான் முன்னால் துருத்திக்கொண்டு நிற்பேன் என்பதை ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

மேசைமேல் இருக்கும் படத்தைப் பாருங்கள். அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கியது. அவர் ஓடுகிற படம் ஒன்று கிடைக்காதா என்று நாங்கள் ஏழு பேரும் கைபேசிகளைத் துழாவினோம். எங்கள் முதுகுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. எங்கே கோணுகிறது என்று காட்டுவதற்காக அவர் எடுத்தவை. அவர் ஒன்றில்கூட இல்லை. கடைசியில் ஓடுகிறவரை யார் படமெடுப்பது?

இந்த ஓட்டம் எப்படித் தொடங்கியது என்று புதியவர்களுக்குத் தெரியாது. பதினொரு ஆண்டுகளுக்கு முன்பு பெரிய லிஃப்ட் ஒன்பது நாள் நின்றுபோனது. ஐந்து மாடி. அந்த ஒன்பது நாளில் எங்கள் வண்டவாளமெல்லாம் தண்டவாளத்தில் ஏறியது! நான் மூன்றாம் மாடியிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். எக்ஸ்ரே பிரிவுத் தம்பி படியிலேயே உட்கார்ந்துவிடுவார். இவர் லிஃப்ட் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, கையில் ஸ்பானரோடு, நாங்கள் மூச்சுவாங்குவதைக் காது கொடுத்துக் கேட்பார். ஒன்பதாம் நாள் சொன்னார்:

“மெஷினை நான் இன்னைக்குச் சரி பண்ணிடுவேன். உங்களை யாருய்யா சரி பண்றது?”

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்குச் சலவைக்கூடத்து வாசலுக்கு வரச் சொன்னார். ஆண்டிலேயே குளிர் அதிகமான வாரம். புல்மேல் உறைபனி உப்புத் தூவியதுபோல் கிடந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு ஸ்வெட்டர், மேலே ஒரு கோட்டு, குரங்குக் குல்லா, கழுத்தைச் சுற்றி மப்ளர். கண் மட்டும்தான் வெளியே தெரிந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஓட வந்தியா, திருட வந்தியா?”

ஒவ்வொன்றாகக் கழற்ற வைத்தார். மெல்லிய சட்டை ஒன்று, அதன்மேல் காற்றுத் தடுக்க ஒன்று, கையுறை, காதை மூட ஒரு துணி. அவ்வளவுதான். “கிளம்பும்போது குளிரணும். குளிரலைன்னா நீ அதிகமா போட்டிருக்கேன்னு அர்த்தம். பத்து நிமிஷத்துல உடம்பு தானா அடுப்பு மூட்டிக்கும்” என்றார். பத்தாவது நிமிடம் மூட்டியது. நான் வாயைத் திறக்கவில்லை. தோற்றவன் எப்போது ஒப்புக்கொண்டான்?

ஆனால் எடுத்த எடுப்பில் வெளியே விடமாட்டார். சலவைக்கூடத்தில் இஸ்திரி இயந்திரங்களுக்கு நடுவே, அந்த நீராவி வெதுவெதுப்பில், பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே முழங்காலைத் தூக்கி நடக்க வேண்டும். சலவைக்கூடத்து அக்கா அன்று எங்களைத் துரத்தப் போனவர். “வெளுத்த துணிக்கு நடுவுல என்ன கூத்து இது!” என்று கத்தினார். அக்காவுக்கு அப்போது முழங்கால் வலி, படி இறங்கும்போது பக்கவாட்டில்தான் இறங்குவார். வாலண்ணன் அவர் நடப்பதைப் பார்த்துவிட்டு, “கால் உங்களுக்கு முன்னாடியே போய் அங்க என்ன செய்யப் போகுது? நீங்க வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு நிக்கவா? உங்களுக்குக் கீழேயே வைங்க. சின்ன அடியா வைங்க” என்றார். ஒரு குளிர்காலம் முழுக்க அது ஒன்றுதான் அக்காவுக்கு. அடியைச் சின்னதாக்கு. வேறு எதையும் தொடவில்லை. இன்று அக்கா ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறார். சும்மா ஓடவில்லை, பேசிக்கொண்டே ஓடுகிறார்!

அதுதான் அவர் முறை. ஒருவருக்கு ஒரு குளிர்காலத்தில் ஒரே ஒரு திருத்தம். நாங்கள் அவசரப்படுவோம். அவர் அசையமாட்டார். “எல்லா நட்டையும் ஒரே நாள்ல இறுக்கினா எது லூசுன்னு எப்படித் தெரியும்?” என்பார். குளிரில் மனிதன் தானாகவே தோளைக் காதுவரை ஏற்றிக்கொள்கிறான். என் தோளை இறக்க அவருக்கு முழுதாக மூன்று குளிர்காலம் ஆனது. இருட்டில், பின்னாலிருந்து, பாலம் ஏறும்போது அந்தக் குரல் வரும்: “தோளு! முந்திரிக்கொட்டை, தோளு!” பாருங்கள், இப்போது பேசிக்கொண்டிருக்கும்போதே ஏறிவிட்டது. இறக்கிவிட்டேன், அண்ணே.

அதற்கடுத்த குளிர்காலம் என் கைகளுக்கு. நான் முஷ்டியை முறுக்கிக்கொண்டு ஓடுகிறவன். அதற்கு அவர் கண்ட வழி என் மருந்தகத்திலேயே இருந்தது. மாத்திரை போட்டுக் கொடுப்போமே, சின்னக் காகிதக் கிண்ணம், அது. கைக்கு ஒன்று. நசுங்காமல் ஐந்து கிலோமீட்டர் கொண்டுவந்து காட்ட வேண்டும். பிறகு எல்லோருக்கும் அதுவே வழக்கமாகிவிட்டது. ஓடி முடித்ததும் ஏழு பேரும் வரிசையில் நின்று கையை நீட்டுவோம். அவர் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பார். தினமும் காலையில் பதினாறு கிண்ணம் எண்ணி எடுத்துப் போவேன். ஏழு பேருக்குப் பதினான்கு. அவருக்கு இரண்டு. அவரும் பிடித்துக்கொண்டுதான் ஓடினார். ஆனால் தன் கிண்ணத்தை அவர் யாரிடமும் காட்டியதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

அதோ, கேட்கிறதா? லிஃப்ட் இறங்குகிறது. இரண்டாம் மாடியைத் தாண்டும்போது ஒரு சின்ன முனகல். அவர் இருந்திருந்தால் இந்நேரம் எழுந்து போயிருப்பார். இரங்கல் கூட்டமா, யாருக்கு என்றுகூடக் கேட்டிருக்கமாட்டார்!

நண்பர்களே! அவர் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது. அன்று காலை எங்களோடு ஓடினார். மதியம் மாடியில் லிஃப்ட் இயந்திர அறையில் வேலையை முடித்து, கருவிப் பெட்டியை மூடி, அதன்மேல் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள். இதயப் பிரிவு எங்கே இருக்கிறது? அதே கட்டடத்தில், இரண்டு மாடி கீழே. அவர் பழுதுபார்த்த லிஃப்டில் இருபது நொடி. எனக்கு உங்கள்மேல் கோபம், அண்ணே! எங்கள் மூச்சில் ஒரு பிசிறு இருந்தால், “இன்னைக்கு ஓடாதே, டாக்டரைப் பாரு” என்று விரட்டியவர் நீங்கள். உங்களை விரட்ட ஆள் இல்லாமல் போயிற்றே!

இல்லாமல் போயிற்றா? இதைச் சொல்லத்தான் மேடை ஏறினேன்.

போன வாரம் அண்ணி மருந்தகத்துக்கு வந்தார். அண்ணனுடைய ஓட்டச் சட்டையில் பக்கத்துக்கு ஒரு பையில் இருந்ததாகச் சொல்லி என் முன்னால் வைத்தார். இரண்டு காகிதக் கிண்ணம். மெல்லிய குரலில் கேட்டார்:

“தம்பி, தினமும் இதை உங்ககிட்டதான் வாங்குவாராமே. வீட்டுல ஒரு டப்பா நிறைய இதுதான் இருக்கு. இதுல என்ன மருந்து குடுத்தீங்க? உங்ககிட்ட சொன்னவரு எங்கிட்ட ஏன் சொல்லல?”

இத்தனை குளிர்காலமாக அண்ணி என்ன நினைத்திருக்கிறார் பாருங்கள்! கணவர் ஏதோ நோய்க்கு மறைவாக மருந்து எடுக்கிறார், மானம் பார்த்து வீட்டில் சொல்லவில்லை, மருந்தாளனுக்குத் தெரியும், அவன் பார்த்துக்கொள்வான் என்று. அந்த நம்பிக்கையில்தான் கேட்காமலே இருந்திருக்கிறார். அண்ணி, உங்களிடம் அன்று பாதிதான் சொன்னேன். இந்தச் சபையில் மீதியையும் சொல்கிறேன். அதில் மருந்து இருந்ததே இல்லை. காற்றுதான் இருந்தது. அவர் உங்களிடம் எதையும் மறைத்து என்னிடம் சொல்லவில்லை. அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஆனால் எனக்குக் கேட்டது, அண்ணி.

கடைசி மூன்று வாரம் அவர் காலடி மாறியிருந்தது. பதினொரு ஆண்டு பின்னால் கேட்ட சத்தம், என் சொந்தக் காலடியைவிட நன்றாகத் தெரியும். டப், டப் என்று சீராக வரும். அது டப், டப்... டப் என்று ஆனது. பாலத்து ஏற்றத்தில் பின்தங்கியது. முன்னால் ஓடுகிற என் காதுக்கே கேட்டது. நான் என்ன செய்தேன்? நின்றேனா? திரும்பினேனா? கிண்டல் செய்தேன்! “என்ன அண்ணே, வால் ரொம்ப நீளமாயிடுச்சு?” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். “முன்னால பாருடா முந்திரிக்கொட்டை, திரும்பினா கழுத்து கோணும்” என்றார். நான் முன்னால் பார்த்தேன். கெட்டிக்காரன், சொன்ன பேச்சைக் கேட்டேன்!

இதோ அந்த இரண்டு கிண்ணம். கடைசி நாள் காலை அவர் கையில் இருந்தவை. வலது பையில் இருந்தது, வலது கையில் பிடித்தது, முழுசாக இருக்கிறது. நாங்கள் ஒருவரும் ஒருநாளும் இவ்வளவு ஒழுங்காகக் கொண்டுவந்ததில்லை. இன்னொன்றைப் பாருங்கள். அது நசுங்கி, மடங்கி, விரல் பதிந்து கிடக்கிறது. இடது பையில் இருந்தது. இடது கை. எங்களிடம் அவர் தினமும் கேட்டதுபோல, “அண்ணே, கையைக் காட்டுங்க” என்று அன்று ஒருவன் கேட்டிருந்தால்?

அவர் எப்படித்தான் ஓடுவார் என்று எனக்குத் தெரியாது என்பதே அப்போதுதான் உறைத்தது. தினமும் எங்களுக்கு வாயிலைத் திறந்துவிடும் காவலாளி அண்ணனைக் கேட்டேன். அங்கே கடைசியில் நிற்கிறார். தயங்கித் தயங்கிச் சொன்னார்: “சார், தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு தோளும் காது வரைக்கும் ஏறியிருக்கும். தலையை இப்படி நீட்டிக்கிட்டு, ஆமை மாதிரி ஓடுவாரு. பார்க்கவே சிரிப்பா இருக்கும்.”

சிரியுங்கள், பரவாயில்லை! நாங்களும் சிரித்தோம். ஊரார் தோளையெல்லாம் இறக்கிவிட்டவரின் தோள் காதைத் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறது! சலவைக்கூடத்து அக்கா சிரித்துச் சிரித்து, அப்படியே துணி மூட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். எங்கள் தோளை அவர் பார்த்தார். அவர் தோளைப் பார்க்க அவருக்குப் பின்னால் யார் இருந்தார்கள்? காவலாளி சொன்னதில் இன்னொன்றும் உண்டு. “ஆனா கண்ணு ரோட்டுல இருக்காது சார். உங்க ஏழு பேரு மேலேயே இருக்கும்.”

அவர் போன மூன்றாம் நாள் நாங்கள் ஓடினோம். வீட்டில் இருக்க முடியவில்லை. பாலம் ஏறும்போது என் தோள் ஏறியது. வேண்டுமென்றேதான் ஏற்றினேன் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். அந்தக் குரலுக்காகக் காத்திருந்தேன். தோளு என்று ஒரு வார்த்தை. வரவில்லை. வாழ்நாளில் முதல்முறையாக ஓட்டத்தின் நடுவே நின்று திரும்பிப் பார்த்தேன். உறைபனியில் எங்கள் ஏழு பேரின் தடம் மட்டும் இருந்தது. அதற்குப் பின்னால் வெறும் சாலை. எனக்கு அந்தத் திட்டு வேண்டும், நண்பர்களே. அந்தக் குரலுக்கு ஏங்குகிறேன். நாற்பத்தாறு வயது ஆள் இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டுமோ என்னவோ, எனக்கு வெட்கமில்லை.

அவர் பெயரில் கோப்பை வைக்கலாம், ஓட்டப் போட்டி நடத்தலாம் என்று முன்னால் பேசியவர்கள் சொன்னார்கள். நல்ல யோசனைதான். ஆனால் போட்டியில் முதலில் வந்தவனுக்குத்தானே கோப்பை? அவருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? நாங்கள் ஏழு பேரும் வேறொன்று முடிவு செய்திருக்கிறோம். ஓட்டம் நிற்காது. அதே நேரம், அதே வழி, ஒரு குளிர்காலத்துக்கு ஒரே திருத்தம். ஒன்றை மட்டும் மாற்றுகிறோம். இனிக் கடைசியில் ஒருவர் ஓடமாட்டார், இருவர் ஓடுவார்கள். பக்கத்தில் பக்கத்தில். முன்னால் போகிறவர்களை இருவரும் பார்ப்பார்கள். அந்த இருவரும் ஒருவர் கையை ஒருவர் வாங்கிப் பார்ப்பார்கள். கிண்ணத்தைக் காட்டாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது, எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும்!

முதல் இருவரில் ஒருவர் சலவைக்கூடத்து அக்கா. இன்னொருவன் நான். அக்காவுக்கு நம்பிக்கை இல்லை. “நீயா? கடைசியிலயா? உன்னால பொறுத்துக்க முடியுமா தம்பி?” என்று கேட்டார். பொறுத்துக்கொள்வேன், அக்கா. முந்திரிக்கொட்டை என்ற பெயரை இந்த மேடையிலேயே விட்டுவிட்டு இறங்குகிறேன்.

அண்ணி, இந்த இரண்டு கிண்ணத்தில் முழுசாக இருப்பது உங்களுக்கு. நசுங்கியதை நான் வைத்துக்கொள்ள அனுமதி கொடுங்கள்.

நாளைக் காலை ஐந்தே முக்கால், சலவைக்கூடத்து வாசல். குளிர் அதிகமாக இருக்கும் என்கிறார்கள். கிளம்பும்போது குளிரட்டும். வரவிரும்பும் யாரும் வரலாம். முன்னால் ஓடுங்கள், தோளை இறக்கிவையுங்கள், திரும்பிப் பார்க்காதீர்கள். பின்னால் நாங்கள் வருகிறோம்.