நியூட்ரலில் விழும் ஜீப்

மணி பன்னிரண்டு. ராத்திரி இல்லை... பகல் பன்னிரண்டு.

நெமிலிச்சேரி பக்கம் அவுட்டர் ரிங் ரோடு மேலே போகிறதே, அதை ஒட்டி ஒரு சர்வீஸ் ரோடு. காலையிலும் சாயங்காலமும் லாரிகள் நிற்கும். உச்சி வெயிலில் ஒரு நாய்கூட இருக்காது. தார் இளகி டயரில் ஒட்டிப் பிரிகிற சத்தம் மட்டும்... சர்ர்ர்... அந்த ரோட்டில் தனியாக ஒரு ஜீப் வந்துகொண்டிருந்தது. ஓட்டியவர் பெயர் உலகநாதன்.

ஸ்வாதி, அந்த மொபைல் வெளிச்சத்தை அணைத்துவிடு. கண்ணைக் குத்துகிறது. டிரான்ஸ்பார்மர் வேலை முடிந்து கரண்ட் வர எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும் என்று வாட்ச்மேன் சொன்னார். மொட்டைமாடியில் இத்தனை பேர் இருக்கிறோம், பயப்பட ஒன்றுமில்லை. கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். கத்திச் சொல்கிற கதை இல்லை இது.

நம் பிளாட்டுக்கு லிஃப்ட் ரிப்பேர் பார்க்க வருவானே டில்லிபாபு... அவனுடைய அக்கா சாவித்திரியின் வீட்டுக்காரர்தான் உலகநாதன். நடந்ததை அவர் வேறு யாரிடமும் சொல்லவில்லை. மச்சானிடம் மட்டும்தான் சொன்னார். டில்லிபாபு என்னிடம் சொன்னான், லிஃப்டுக்குள் நின்றுகொண்டு.

உலகநாதனும் பச்சையப்பன் என்று ஒருவரும் பாடியில் ஒரே பேக்டரியில் வேலை பார்த்தவர்கள். பேக்டரி மூடியதும் நெமிலிச்சேரியில் ஒரு தகர ஷெட் போட்டார்கள். கியர்பாக்ஸ் வேலை. பத்தொன்பது வருஷம். போர்டில் உலகநாதன் பெயர் மட்டும்தான் இருந்தது. யாராவது கேட்டால், "போர்டாலயா வண்டி ஓடுது, உடு" என்பாராம் பச்சையப்பன்.

வேலைக் கை பச்சையப்பனுடையது. பேரிங்கைப் பித்தளைக் கம்பி வைத்துத் தட்டும்போது டிங்... டிங்... என்று மெல்லிசாகச் சத்தம் வரும். முழுசாக உட்கார்ந்ததும் டொக் என்று மாறும். அந்த டொக் வந்ததா இல்லையா என்று அவர் காதை வைத்துச் சொன்னால் சரியாக இருக்கும். அவர் பூட்டிய பெட்டியை அடுத்த பத்து வருஷத்துக்குத் திறக்க வேண்டியதில்லை என்று அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் பேச்சு.

அவர்களிடம் விக்ரம் என்று ஐடி கம்பெனி ஆள் ஒருவர் பழைய ராணுவ ஜீப் கொண்டுவந்தார். பெட்ரோல் இன்ஜின் செத்துவிட்டது, டீசல் இன்ஜின் ஏற்ற வேண்டும் என்றார். டீசலுக்கு இழுவை அதிகம். பழைய கியர்பாக்ஸ் தாங்காது. அதனால் வேறு கியர்பாக்ஸ் போட்டு, அதன் பின்னால் ஜீப்பின் சொந்த டிரான்ஸ்பர் கேஸைக் கழற்றிப் புதுப்பித்துச் சேர்க்க வேண்டும். இழுவையை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற பெட்டி அது. அதற்குத் தனியாக ஒரு லீவர் உண்டு. அந்த லீவர் நடுவில் நின்றால் நியூட்ரல். நியூட்ரலில் இருந்தால் கியரில் போட்டு நிறுத்தியிருந்தாலும் பிரயோஜனம் இல்லை... வண்டி உருளும். பழைய ஜீப்பில் ஹேண்ட்பிரேக்கும் அந்தப் பெட்டியின் பின்னால்தான் இருக்கும். பெட்டியைக் கழற்றினால் அதுவும் கழன்றுவிடும்.

பங்குனி மாதம். பெட்டி பூட்டியாகிவிட்டது. ஹேண்ட்பிரேக் மாட்டவில்லை. ஜீப் ஷெட் வாசல் சரிவில், முதல் கியரில் நின்றது. சக்கரத்துக்கு ஒரு செங்கல் அண்டை கொடுத்திருந்தார்கள். பச்சையப்பன் வண்டிக்கு முன்னால் குந்தியிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் சுவர். ரேடியேட்டர் ஹோஸை மாட்டிவிட்டு, எலுமிச்சைத் தோலால் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருவதாக இருந்தார். ஆயில் நாற்றம் போக அவர் தினமும் அப்படித்தான் செய்வார்.

உலகநாதன் வண்டிக்குள் ஏறி லீவர் எப்படி விழுகிறது என்று பார்த்தார். நடுவுக்கு இழுத்தார். வெண்ணெய் மாதிரி வந்தது. அப்போது போன் அடித்தது. எடுத்துக்கொண்டு அந்தப் பக்கமாக இறங்கிவிட்டார்.

செங்கல் நொறுங்கிய சத்தம் கேட்டுத் திரும்பினாராம். பிறகு ஒரு சின்னச் சத்தம்... காலிப் பெயின்ட் டப்பாவை மிதித்த மாதிரி.

பச்சையப்பன் கத்தவில்லை. கத்த நெஞ்சில் இடம் இல்லை.

ஸ்டேஷனில் கேட்டார்கள், லீவரை நியூட்ரலில் போட்டது யார் என்று. "அவன்தான் சார்" என்றது உலகநாதனின் வாய். யோசித்துச் சொன்னதில்லை. ஆனால் சொன்னதை மாற்ற முடியவில்லை. மறுநாள் இன்னொருவரிடம் சொல்லும்போது, "எவ்ளோ சொன்னேன், கேக்கல" என்று கொஞ்சம் சேர்ந்தது. மூன்றாம் நாள், "காலைலயே சரக்கு உட்டுகினு வந்தான்" என்று இன்னும் கொஞ்சம். பச்சையப்பன் வாழ்நாளில் பீடிகூடப் பிடித்தவர் இல்லை.

சொர்ணம், பச்சையப்பனின் மனைவி, சுடுகாட்டுக்கு எடுத்துப் போகும் முன்னால் ஒருமுறை கேட்டாள். "அண்ணே, அவரா அப்டிப் பண்ணாரு?"

"ஆமாம்மா."

எடுத்த பிறகு வாசலில் வைத்து இன்னொரு முறை கேட்டாள். "நெஜமாவே அவரா?"

"சத்தியமா."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. அம்பத்தூர், ஆவடி ஷெட்டுகளில் புது ஆள் கவனம் இல்லாமல் வேலை செய்தால், "பச்சையப்பன் மாதிரி பண்ணிடாத" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அவருடைய பெண் கனிமொழிக்குப் பேசி முடித்திருந்த இடம், குடிகாரன் வீடு என்று சொல்லி விலகிக்கொண்டது.

உலகநாதன் ஜீப்பை முடித்தார். முதல் ஓட்டம்தான் நான் ஆரம்பத்தில் சொன்னது. ஆளில்லாத சர்வீஸ் ரோடு, உச்சி வெயில், மூன்றாம் கியர். திடீரென்று இன்ஜின் மட்டும் அலறியது. வண்டியில் இழுவை இல்லை. குனிந்து பார்த்தார்... டிரான்ஸ்பர் லீவர் நடுவில் நின்றது.

அவருக்குப் பயம் வரவில்லை. எரிச்சல்தான். லீவரைப் பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங்கும் குண்டும் தேய்ந்திருக்கும் என்று நினைத்தார். மூன்று பேர் இறக்க வேண்டிய பெட்டியைத் தனியாக இறக்கினார். உள்ளே ஸ்பிரிங் புதுசு. குண்டு பளபளவென்று இருந்தது. இருந்தாலும் மாற்றினார். மறுபடி ஓட்டினார். அதே ரோடு, அதே பன்னிரண்டு... அதே நியூட்ரல்.

காலையில் ஓட்டினால் ஒன்றும் இல்லை. சாயங்காலம் ஓட்டினாலும் இல்லை. பகல் பன்னிரண்டுக்கு மட்டும்.

மூன்றாம் தடவை லீவரைக் கட்டுக்கம்பியால் சீட்டோடு சேர்த்து முறுக்கிக் கட்டினார். குறடு வைத்து எட்டு முறுக்கு. அன்றும் இன்ஜின் அலறியது. கம்பி அறுந்திருக்கும் என்று பார்த்தார். அறுந்திருக்கவில்லை. முறுக்கெல்லாம் பிரிந்து, கோணல் எடுத்து, நேராக நீவி, பக்கத்து சீட்டில் வைத்திருந்தது. நல்ல கம்பியை வீணாக்கக் கூடாது என்று எடுத்து வைப்பார்களே... அப்படி.

அன்றிலிருந்து ஷெட்டில் சத்தம். பன்னிரண்டு அடித்ததும் தகரக் கூரைக்குக் கீழே எங்கிருந்தோ... டிங்... டிங்... மெல்லிசாக. கூடவே எலுமிச்சைத் தோல் வாசனை. உலகநாதன் வேலையை விட்டுவிட்டு அந்த டொக் வருகிறதா என்று காத்திருப்பாராம். வந்துவிட்டால் நிம்மதி என்று தோன்றுமாம். ஒரு நாளும் வரவில்லை. டிங்... டிங்... அப்புறம் நின்றுவிடும்.

வேலைக்கு வந்த யூசுப் என்கிற மெக்கானிக் இரண்டே நாளில் பையை எடுத்துக்கொண்டார். "இன்னான்னு கேக்காதண்ணாத்தே, எனுக்கு இங்க சோறு எறங்கல" என்று மட்டும் சொன்னாராம்.

ஆனி மாதம் ஒருநாள். நாலாவது தடவையாகப் பெட்டியைப் பிரித்துச் சேர்த்து மேடையில் வைத்திருந்தார். கடைசியில் பெரிய நட்டு ஒன்றை இறுக்க வேண்டும். பெட்டி நியூட்ரலில் இருக்கும்போது இந்தப் பக்கம் ஸ்பேனர் போட்டுத் திருகினால், நட்டோடு சேர்ந்து ஷாஃப்டும் சுற்றும். எதிர்ப்பக்கம் ஒருவர் கம்பி கொடுத்து இறுக்கிப் பிடிக்க வேண்டும். பத்தொன்பது வருஷமும் பிடித்தவர் பச்சையப்பன்.

உலகநாதன் களைப்பில் தனியாக இருப்பதை மறந்துவிட்டார். ஸ்பேனரைப் போட்டு உடம்பு எடையைக் கொடுத்து இழுத்தார்.

நட்டு இறுகியது.

இன்னொரு இழுப்பு. கிர்ர்க்... இன்னும் இறுகியது. ஷாஃப்ட் அசையவே இல்லை. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஸ்பேனரை விட்டுவிட்டு, எதிர்ப்பக்கம் போய்க் கையால் ஷாஃப்டைத் தொட்டார். சும்மா தள்ளினார். தடையே இல்லாமல் சுற்றியது... சுற்றிக்கொண்டே இருந்தது.

டில்லிபாபுவிடம் சொல்லும்போது அவர் அழுதது இந்த இடத்தில்தான். "கயுத்தைப் புடிச்சிருந்தாக்கூட தாங்கியிருப்பேன்டா. எனுக்காக எதிர்ல புடிச்சிகினு நின்னான்."

கையைக்கூடக் கழுவாமல் ரயில் ஏறினார். திருநின்றவூரில் ஏரிக்கரைப் பக்கம் சொர்ணம் வாடகைக்கு இருந்தாள். போய் நின்றார். அவள் சமையலறையில் கீழே உட்கார்ந்து அரிசி களைந்துகொண்டிருந்தாள். வா என்றும் சொல்லவில்லை, உட்கார் என்றும் சொல்லவில்லை.

"நான்தான் சொர்ணம். லீவரை இழுத்தது நான். போன் வந்துச்சி... சொல்லாம எறங்கிட்டேன்."

அவள் கை நிற்கவில்லை. களைந்த தண்ணீரை வடித்தாள். "தெரியும்" என்றாள்.

"யார் சொன்னா?"

"அவருதான்."

சொர்ணம் மறுபடி தண்ணீர் ஊற்றி அரிசியைக் களைந்தாள்.

"எட்டாம் நாளே வந்து சொன்னாரு. உலகு வேணும்னு பண்ணல, உட்டுடு, நான் கெளம்புறேன்னாரு. நான்தான் போவ உடல. அவனாண்டயே போய் இருங்கன்னு சொல்லிக்கீறேன்."

"அதான் இப்ப வந்து சொல்லிட்டேனேம்மா. இனிமே அவனைப் போவச் சொல்லு."

"என்னாண்ட சொல்ற. எனுக்குத்தான் தெரியுமே." அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "ஸ்டேஷன்ல சொன்னியா? ஷெட்டு ஷெட்டா அவர் பேரை வச்சி சிரிக்கிறாங்களே, அவங்களாண்ட சொன்னியா? என் பொண்ண வேணாம்னுட்டுப் போனாங்களே, அவங்க ஊட்ல போய்ச் சொன்னியா?"

உலகநாதன் ஆயில் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"சொல்ல மாட்ட" என்றாள் சொர்ணம். "அப்போ அவரும் போவ மாட்டாரு."

அதுதான் நடந்தது. மறுநாள் உலகநாதன் ஸ்டேஷன் வரைக்கும் போனார். எதிர்க் கடையில் இரண்டு டீ குடித்தார். திரும்பி வந்துவிட்டார். நீங்க உள்ள போய்ட்டா பசங்க கதி இன்னா என்று சாவித்திரி அழுதாள் என்று டில்லிபாபு சொல்கிறான். இருக்கலாம். அவள் அழாமல் இருந்திருந்தாலும் அவர் சொல்லியிருப்பாரா என்று எனக்குத் தெரியவில்லை. ஷெட்டை மூடியாகிவிட்டது. இப்போது பூந்தமல்லியில் ஒரு குடோனில் கேட் வாட்ச்மேன். ராத்திரி டியூட்டிதான் கேட்டு வாங்கிக்கொண்டார். ராத்திரியில் அவருக்குத் தொந்தரவு இல்லை. பகலில்தான் தூங்க முடிவதில்லையாம்.

ஜீப்பை விக்ரம் வேறு இடத்தில் விட்டு முடித்துக்கொண்டார். லீவர் போட்ட இடத்தில் நிற்கிறது. ஒரு குறையும் இல்லை. ஷெட்டுகளில் இன்னும், "பச்சையப்பன் மாதிரி பண்ணிடாத" என்றுதான் சொல்கிறார்கள்.

இரு ஸ்வாதி, எழுந்திருக்காதே. இன்னும் ஒன்று பாக்கி. டில்லிபாபு இதை மட்டும் முதலில் சொல்லவில்லை. லிஃப்ட் கதவு மூடப் போகும்போது கையால் தடுத்து நிறுத்திவிட்டுச் சொன்னான்.

அன்றைக்கு சொர்ணம் வீட்டிலிருந்து உலகநாதன் கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். நாலு அடி நடந்திருப்பார். பின்னால் அவள் வாசல் வரைக்கும் வந்த சத்தம் கேட்டது.

"வெயிலு கொளுத்துது" என்றாள். குரல் அத்தனை கனிவாக இருந்ததாம். "செருப்பைப் போட்டுகினு போங்க."

உள்ளே பேசிய அவ்வளவு நேரமும் அவள் அவரை நீ என்றுதான் சொன்னாள்.

உலகநாதன் திரும்பிப் பார்த்தார். சொர்ணம் அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பக்கத்தில், ஒரு முழம் தள்ளி... தார் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கால் சுடுமே என்கிற மாதிரி.