கேட்டுத் தூக்கிய கடற்கரை

மேடையில் வீற்றிருக்கும் மாற்றுத்திறனாளிகள் சங்கத் தலைவி சுகந்தி அவர்களே, அண்ணாச்சி தினமும் போய்வந்த நாலு வீட்டுத் தாய்மார்களே, முன்வரிசையில் சக்கர நாற்காலிகளில் இருந்து என்னைச் சந்தேகமாகப் பார்க்கும் இளைஞர்களே! நான் சொல்லப்போவதை இந்த மண்டபத்தில் ஒருவரும் நம்பப்போவதில்லை. இதை மட்டும் சத்தியம் செய்து தொடங்குகிறேன்.

மறைந்த கடற்கரை அண்ணாச்சி யார்? பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் இருபது வருடம் லோடுமேன். அவர் சுமந்த மூட்டைகளை அடுக்கியிருந்தால் பண்பொழி மலை வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்கும்! லாரி பஞ்சரானால் சந்தையில் ஜாக்கி தேட மாட்டார்கள், அண்ணாச்சியைத்தான் தேடுவார்கள். அந்தத் தோள்வலுவை நம்பித்தான் என் தங்கச்சி தங்கபுஷ்பம், தன் மகன் ஜெனோவைக் குளிப்பாட்டி உடுத்திவிட அவரை அழைத்தாள். ஜெனோவுக்கு அப்போது பத்தொன்பது வயது. கையும் காலும் சொன்னபடி கேட்காது. வாய் மட்டும் நன்றாக வேலை செய்யும். என் மருமகன் அல்லவா!

முதல்நாள் அண்ணாச்சி என்ன செய்தார்? துண்டைச் சும்மாடாக மடித்துத் தோளில் வைத்தார். கட்டிலில் கிடந்தவனை ஒரே வீச்சில் தோளேற்றிக் குளியலறைக்கு நடந்தார். பாதி வழியில் ஜெனோ அவர் காதைக் கடித்தான். அவர் போட்ட சத்தத்தில் செங்கோட்டை ரயில் பின்னால் போனது!

"நான் என்ன பல்லாரி வெங்காய மூட்டையா? தூக்குததுக்கு முன்ன ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அண்ணாச்சி அவனைத் திரும்பக் கொண்டுவந்து படுக்க வைத்தார். "தப்புதான் தம்பி. மூட்டை பதில் சொல்லாதுல்லா, பழகிப்போச்சு" என்றார். சும்மாட்டை அவிழ்த்துவிட்டுக் கேட்டார்: "தூக்கட்டா?"

"பல் தேச்சிட்டு."

அன்றிலிருந்து ஏழு வருடம் அந்தக் கேள்வி ஓயவில்லை. சட்டை மாட்டுமுன் கேட்டார். கால் கழுவுமுன் கேட்டார். ஒரு வீட்டு வேலை நாலு வீடாகப் பெருகியபோது நாலு வீட்டிலும் கேட்டார். ஐந்தருவியில் சீசன் கூட்டத்துக்கு நடுவே ஜெனோவை ஏந்திக்கொண்டு, தண்ணீருக்குள் போகலாமா என்று கேட்டார். அவன் யோசித்து முடிக்கும்வரை அருவியே விழாமல் நின்றது!

அவர் போய்ப் பதினாறு நாளாகிறது. பதினாறு நாளாக நாலு வீட்டிலும் காலைப்பொழுது ஒழுங்காக விடியவில்லை. தங்கபுஷ்பத்துக்கு அறுபது வயது. மகன் அவளைவிட இருபது கிலோ கூடுதல். புதிதாக வந்த ஆள், "இவனை எப்பக் குளிப்பாட்டணும்?" என்று ஜெனோவைத் தாண்டிச் சுவரைப் பார்த்துக் கேட்டான். ஜெனோ அவனை அனுப்பிவிட்டான். பிறகு நான்தான் தூக்குகிறேன். என் இடுப்பு வேறு உடம்புக்கு மாற்றல் கேட்டு மனு போட்டிருக்கிறது.

களைப்பில் ஒரு காரியம் செய்தேன். மதுரைப் பக்கம் ஒரு பராமரிப்பு விடுதியில் பேசி, ஒன்றாம் தேதி ஜெனோவைச் சேர்ப்பதாகச் சொல்லிவிட்டேன். தங்கபுஷ்பமும் அழுதுகொண்டே தலையாட்டினாள். இன்று காலை துணிகளை எடுத்து வைக்கும்போதுதான், "போறியாலே?" என்று அவனிடம் கேட்டேன்.

"சட்டைப் பொத்தானத் தொடுததுக்கு முன்ன அண்ணாச்சி கேப்பாரு. நீங்க ஊரையே மாத்திட்டு இப்பதான் கேக்கீங்க, மாமா. நான் போவ மாட்டேன்."

முதல்நாள் அண்ணாச்சி அவனைக் கட்டிலுக்குத் திரும்பக் கொண்டுபோனார் அல்லவா? நானும் விடுதிக்குப் போன் போட்டு, வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

அவர் வேலையைத் தொடர்வோம் என்று உறுதி கூறவே இங்கே கூடியிருக்கிறோம். யார் தொடர்வது? ஜெனோ வீட்டுக்கு வாரத்தில் மூன்று காலை நான். பின்வரிசையில் இருக்கும் அண்ணாச்சியின் சந்தைத் தோழர்களே, மற்ற நாளுக்கும் மற்ற மூன்று வீட்டுக்கும் உங்கள் பெயரை நானாக எழுதிக்கொள்ளவில்லை. கேட்கிறேன்: வருவீர்களா? யோசித்துச் சொல்லுங்கள். முன்வரிசையில் இருக்கும் இவர்களிடமும் கேட்டுவிட்டு வாருங்கள்.

ஒன்றை ஒப்புக்கொண்டு இறங்குகிறேன். இவ்வளவு நேரம் நான் அளந்ததில் எதை வேண்டுமானாலும் கழித்துக்கொள்ளுங்கள். ஜெனோ "போவ மாட்டேன்" என்று சொன்னது மட்டும் நிஜம்.