பல்லவி இல்லாத இசைத்தட்டு

தலைமை ஏற்றிருக்கும் திருமதி ப்ராடக் அவர்களே! அலைகளோடு மல்லாடி அகவை கண்ட பெரியவர்களே! பகலெல்லாம் மீனைப் புகையில் வாட்டிவிட்டு, மாலையில் இந்தப் பப்பின் மாடியேறிப் பாடிய தாய்மார்களே! கடைசி வரிசையில் கோப்பையும் கையுமாக நிற்கும் காளையரே! தார்ன்விக் துறைமுகத்தின் தளராத தொண்டைகளே! ட்ரம் அடித்த வில்ஃபின் வணக்கம்.

"சீக்கிரம் சொல்லு வில்ஃப், பீர் சூடாகுது!" என்கிறார் கீழே ஒரு நண்பர். நம் ஊர் பீர் என்றைக்கு ஐயா ஜில்லென்று இருந்தது?

இளவயதில், எங்கள் தெருவின் பெயரையே சூட்டி, 'ஹெரிங் லேன்' என்று குழு தொடங்கினோம். பழைய கடற்பாட்டு, புதிய மின்சார கிட்டார். கிட்டார் டெரிக், ட்ரம் நான், குரல் மோரா. மோராவுக்கு மீன் புகைக்கும் கொட்டகையில் வேலை. அந்தப் புகையிலிருந்து வெளியேற அவளுக்கு இருந்த ஒரே கதவு எங்கள் முதல் இசைத்தட்டு. எந்தக் கம்பெனி எங்களை அழைத்தது? எதுவும் இல்லை! ஆளில்லாத சர்ச்சில் நாங்களே பதிவு செய்தோம்.

"ஊர்க்காரங்களையும் கூப்பிடலாம், டெரிக்."

"வேணாம் மோரா. இருமுவாங்க, கிளாஸ உருட்டுவாங்க. சுத்தமா பதியணும்."

சுத்தமாகப் பதிந்தது. ஆனால் இந்த மாடியில் நம் வழக்கம் என்ன? சரணம் பாடுகிறவருக்கு, பல்லவி கூட்டத்துக்கு! பல்லவி வந்தால் பாடகி வாய்மூடுவாள், கூரை அதிரும். அந்தப் பழக்கத்தில் மோரா ஒவ்வொரு பல்லவிக்கும் நிறுத்திக் கண்மூடி நின்றாள். எங்கள் மூவர் காதிலும் நீங்கள் பாடினீர்கள்! தட்டு வந்ததும் போட்டுக் கேட்டோம். அப்போதும் உங்கள் குரல்தான் கேட்டது!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். தட்டை வானொலி நிலையத்துக்குக் கொண்டுபோனோம்; அங்கிருந்த மனிதர் சிரிக்கவில்லை.

"குரல் அருமைம்மா. ஆனா பாதிப் பாட்டு எங்க போச்சு?"

மோரா தட்டை உறையில் போட்டாள். வாசலில், "அவங்களக் கூப்பிட்டிருக்கலாம்ல, டெரிக்?" என்றாள். அவ்வளவுதான். மறுபடி பதிய எங்களுக்கு வசதியில்லை. அவள் கொட்டகைக்குத் திரும்பினாள். பிறகு ஹெரிங் லேன் ஊர் ஊராகப் போனது, வேறொரு குரலோடு.

இப்போது இளைஞர்கள் அந்தத் தட்டைத் தேடி வருகிறார்கள். "அந்த நிசப்தம் இருக்கே, என்னா துணிச்சல் சார்!" என்கிறார்கள். துணிச்சலா? அங்கே கசாப்புக்கடை ஹப்பர்ட்டின் அடிக்குரல் இருந்திருக்க வேண்டும்! வலை பின்னிய ஐவி அம்மாளின் உச்சக்குரல் இருந்திருக்க வேண்டும்! இருவரும் இன்று சர்ச்சுப் புல்லுக்கு அடியில்.

"இப்பப் போய்ப் பதியலாமே!" என்கிறார் ஒருவர். வருவீர்கள், தெரியும், அந்த சர்ச் முழுவதையும் நிறைப்பீர்கள். பல்லவிக்குப் பஞ்சமில்லை. சரணத்துக்கு எங்கே போவேன்? இரண்டாம் வரிசையில் மோரா இருக்கிறாள். கொட்டகைப் புகை அவள் தொண்டையைத் தின்றுவிட்டது.

"போதும் வில்ஃப், எறங்கு கீழ!" கேட்டீர்களா? அவளிடம் மிச்சமிருக்கும் குரல் இதுதான்.

இறங்குகிறேன், மோரா. இன்று வந்த உங்களுக்கு நன்றி. அன்று அழைக்கப்படாத அவர்களுக்கு என் வணக்கம்.